அடியில் ஒரு வேட்டி!

திருப்பூரில் கோபி பஸ் பிடித்துப் பெருமாநல்லூரில் இறங்கினேன். குண்டம் திருவிழாவுக்குப் பேர்போன கொண்டத்துக் காளியம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தெருவில் நடந்தால், திண்ணையில் ஒரு பாட்டி; மடி நிறைய பனியன் கம்பெனி வெட்டுத் துண்டுகள். ஒட்டுப் போட்டுப் போர்வை தைக்கிறாராம்.

"பனியன் துணி இழுத்த பக்கமெல்லாம் போகுமே, பாட்டி?"

"போகுமுங்க சாமி. அதான் அடியில பழைய வேட்டி ஒண்ணு குடுத்து, நெருக்கமா ஓட்டுத் தையல் போடறதுங்க."

நியாயந்தான். பனியன் பின்னல் துணி, கண்ணி நெகிழும். வேட்டி நெய்த துணி. பாவும் ஊடும் இழுத்துப் பிடிக்கும்.

மடித்து வைத்திருந்த போர்வை ஒன்றுக்கு விலை கேட்டேன்.

"மேல இருக்கற துண்டுக்கு வெல சொல்லலாமுங்க. அடியில இருக்கறது எங்கூட்டுக்காரரு வேட்டி. அவரு போயி மூணு வருசமாச்சு..."

கத்தரிக்காய்க்கே பேரம் பேசுகிற வாய், அன்றைக்குப் பேசாமல் பஸ் ஏறியது!