சிங்க ஹென்றியும் பெண்வழி நிலமும்

பேரரசர் ஃபிரெடெரிக் பார்பரோசாவுக்கும் அவருடைய அம்மான் மகன் சிங்க ஹென்றிக்கும் மூண்ட பகையை இடைக்கால ஐரோப்பிய வரலாறு பயின்றோர் அறிவர். சாக்சனி, பவேரியா ஆகிய இரு நாடுகளுக்கும் ஒருசேர டியூக்காக விளங்கிய ஹென்றி, 1176இல் பேரரசரின் இத்தாலியப் போருக்குப் படை தர மறுத்தார். 1180இல் இரு பதவிகளையும் இழந்தார். வழக்கமாகக் கதை இங்கே முடிந்துவிடும். ஆயினும் மறு ஆண்டு எர்ஃபுர்ட் நகரில் பேரரசரின் காலடியில் பணிந்த பின்னரும் அவருக்கு பிரவுன்ஷ்வைக்கும் லூனெபுர்க்கும் எஞ்சின. அவை ஏன் எஞ்சின என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

டியூக் பதவி பேரரசர் அளித்தது, அளித்தவர் பறிக்கலாம். பிரவுன்ஷ்வைக்கோ குடும்பத்தின் சொந்தக் காணி. அதுவும் தந்தைவழி வந்ததன்று. புரூனோன் குலத்தின் ஆண்வாரிசு 1090இல் அற்றுப்போக, அக்குலமகள் கெர்ட்ரூட் அதைப் பெற்றார். அவரிடமிருந்து மகள் ரிச்சென்சாவுக்கும், ரிச்சென்சாவிடமிருந்து அவருடைய மகளான மற்றொரு கெர்ட்ரூடுக்கும் வந்தது. இந்த இரண்டாம் கெர்ட்ரூடின் மகனே ஹென்றி. லூனெபுர்க், அவருடைய தந்தையைப் பெற்ற வுல்ஃப்ஹில்டு வழியாக வந்த பில்லுங் குலச் சொத்து. ஆண்பெயர்களை மட்டும் கோடிட்டு இணைக்கும் வம்சாவளிப் படங்களில் இவையெல்லாம் எப்படித் தெரியும்?

1139இல் தந்தை இறந்தபோது ஹென்றி சிறுவர். அவருக்காகச் சாக்சனியைக் காத்து நின்றவர், பேரரசர் மூன்றாம் லோத்தாரின் கைம்பெண்ணான பாட்டி ரிச்சென்சா. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதே பொறுப்பு மனைவி மெட்டில்டாவின் தோளில் விழுந்தது. இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் மகளான அவருக்கு, 1168இல் மணமானபோது வயது ஏறத்தாழ 12. கணவருக்கு அதைப்போல் மூன்று மடங்கு. 1182இல் கணவர் நாடுகடத்தப்பட்டபோது அவருடன் தந்தையின் நாட்டுக்குச் சென்றார். 1189இல் ஹென்றி மீண்டும் வெளியேற நேர்ந்தபோதோ உடன்செல்லவில்லை. உடைமையைக் காக்க பிரவுன்ஷ்வைக்கிலேயே தங்கினார். அவ்வாண்டே அங்கு இறந்தார். கணவர் அருகில் இல்லை.

ஹென்றி 1195இல் மறைந்தார். அவர்களுடைய மகன் ஓட்டோ 1209இல் பேரரசராக முடிசூடினார். அந்த முடி நிலைக்கவில்லை. நிலைத்தது நிலமே. 1235இல் பேரன் ஓட்டோ, மைன்ஸ் நகரில் அக்காணியைப் பேரரசரிடம் ஒப்படைத்து, பிரவுன்ஷ்வைக்-லூனெபுர்க் டியூக் என்னும் புதிய பதவியோடு திரும்பப் பெற்றார்.

பிரவுன்ஷ்வைக் பேராலயத்தில் கணவனும் மனைவியும் அருகருகே கல்லில் படுத்திருக்கின்றனர். ஹென்றியின் கைகளில் ஓர் ஆலய மாதிரியும் வாளும் இருக்கின்றன. மெட்டில்டாவின் கைகள் வெறுமனே குவிந்திருக்கின்றன.