தேரைகள் விட்டகன்ற குளம்

உரோமாபுரியிலிருந்து கிழக்கு நோக்கிப் பேருந்தில் புறப்பட்டால், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் லாக்குவிலா என்னும் மலைநகரை அடையலாம். லாக்குவிலா என்பதற்குக் கழுகு என்று பொருள். பனிமுடி தரித்த கிரான் சாஸோ மலை அதற்குக் காவல் நிற்கிறது. 99 வாய்களிலிருந்து நீர் கொட்டும் பழம்பெரும் ஊற்று ஒன்றும் அங்குண்டு. ஆயினும் நான் சென்றது இவற்றைக் காண அன்று. கொல்லெமாஜ்ஜோ அன்னை மரியாள் பசிலிக்காவில் துயிலும் திருத்தந்தை புனித ஐந்தாம் செலஸ்தீனின் கல்லறையில் செபிக்கவே சென்றேன்.

மலைக்குகையில் தவம் செய்த அம்முனிவர், 1294 ஆகஸ்டு 29-ஆம் நாள் இதே ஆலயத்தில் பாப்பரசராக முடிசூட்டப்பெற்றார். அவ்வாண்டு டிசம்பரிலேயே அப்பதவியைத் தாமாகத் துறந்தார். அவர் அளித்த பரிபூரண பலனைப் பெற, ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியில் மக்கள் இங்குத் திரள்கின்றனர்.

2009 ஏப்ரல் 6. குருத்து ஞாயிறு முடிந்து திங்கள் விடியவில்லை. அதிகாலை 3 மணி 32 நிமிடத்தில் பூமி நடுங்கியது. 6.3 அளவுள்ள அந்த அதிர்ச்சியில் மாண்டவர் 309 பேர். மாணவர் விடுதி ஒன்றில் மட்டும் 8 இளைஞர் மடிந்தனர். பசிலிக்காவின் ஒரு பகுதியும் இடிந்து விழ, புனிதரின் உடலை இடிபாடுகளினின்று மீட்டெடுத்தனர். அம்மாதம் 28-ஆம் நாள் வந்த திருத்தந்தை 16-ஆம் ஆசீர்வாதப்பர், தம் தோளை அலங்கரித்த பால்லியத்தை அவ்வுடல்மீது வைத்துச் சென்றார். 2017 டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

நான் செபித்து எழுந்தபோது, கோயிலைக் கவனித்துவந்த முதியவர் ஒருவர் அருகில் வந்தார். உரோமையில் பயின்ற நாள்களில் கற்ற இத்தாலிய மொழி அன்று கைகொடுத்தது. "சுவாமி, எங்களுக்கு முன்பே தேரைகள் அறிந்துகொண்டன என்கிறார்களே, கேள்விப்பட்டதுண்டா?" என்றார்.

அவர் குறிப்பிட்டது கட்டுக்கதை அன்று. நிலநடுக்க மையத்திலிருந்து 74 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சான் ருஃபினோ என்னும் ஏரியில், ரேச்சல் கிராண்ட் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர், இனப்பெருக்கத்துக்குக் கூடும் தேரைகளை நாள்தோறும் எண்ணிவந்தார். நிலநடுக்கத்துக்கு ஐந்து நாள் முன்னதாக, ஆண் தேரைகளில் நூற்றுக்கு 96 பங்கு ஏரியை விட்டு அகன்றுவிட்டன. பௌர்ணமி நெருங்க நெருங்கப் பெருக வேண்டியவை அவை! நிலத்தடிப் பாறைகள் நெருக்குண்டு வெளிவிடும் வாயுக்களையோ, நீரில் நேர்ந்த மாற்றத்தையோ அவை உணர்ந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து.

ஆனால் இதைக் கொண்டு அவசரமாக முடிவு கட்டலாகாது. நடுக்கத்தின் முதல் மெல்லலை, பேரலைக்குச் சில வினாடிகள் முந்தி வருகிறது. அதை நாய் முதலிய பிராணிகள் நமக்கு முன்பே உணரக்கூடும். நாள்கணக்கில் முன்னறிவது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. விபத்துக்குப் பின்னரே, "அன்று நாய் குரைத்ததே" என்று நாம் நினைவுகூர்கிறோம். ஒன்றும் நிகழாத நாள்களில் அது குரைத்ததை மறந்துவிடுகிறோம். சீனாவின் ஹைசெங் நகரில் 1975-இல், முன்னதிர்வுகளையும் பிராணிகளின் கலக்கத்தையும் கண்டு மக்களை வெளியேற்றிப் பல்லாயிரம் உயிர்களைக் காத்தனர். மறு ஆண்டே தாங்ஷான் நகரில் அத்தகைய எச்சரிக்கை எதுவுமின்றி இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

முதியவர் தொடர்ந்தார்: "தேரைகளை யார் எண்ணினார்கள், சுவாமி? எங்களுக்குத்தான் வேறு எச்சரிக்கை இருந்ததே! மாதக்கணக்கில் பூமி அதிர்ந்துகொண்டிருந்தது. அன்றிரவும் பதினொரு மணிக்குச் சற்று முன்பு ஒன்று, நள்ளிரவுக்குப் பின் ஒன்று. பூமி அசைந்தால் கம்பளியை எடுத்துக்கொண்டு திறந்த வெளிக்குப் போய்விடுவது எங்கள் முன்னோர் வழக்கம். என் தந்தை அப்படித்தான் எங்களை அழைத்துப் போவார். அச்சமில்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதால், பலர் அன்று வீட்டிலேயே படுத்துவிட்டார்கள். நான் என் குடும்பத்துடன் வெளியே போனேன். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டவில்லை. என்னைப் பயந்தவன் என்பார்களே என்று வெட்கப்பட்டேன்." அதற்குமேல் அவர் பேசவில்லை. நானும் அடுத்த வீட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்த வல்லுநர்கள்மீது வழக்கு நடந்தது. 2012-இல் எழுவர் தண்டிக்கப்பட்டனர். மேல்முறையீட்டில், 2014-இல், அறிவியலார் அறுவர் விடுதலை பெற்றனர். ஆனால் அம்முதியவரின் வழக்கை விசாரிக்கும் நீதிமன்றம் அவருடைய நெஞ்சிலன்றோ இருக்கிறது!

திரும்பும் வழியெல்லாம் பழைய ஏற்பாட்டுப் பிலயாமின் கழுதை என் நினைவில் நின்றது. வாளேந்திய வானதூதரை அது கண்டது, தீர்க்கதரிசி காணவில்லை, கண்ட கழுதையை மும்முறை அடித்தான். இறைவன் தம் சிற்றுயிர்களுக்கு நமக்கில்லாத புலன்களைத் தந்திருக்கலாம். அதற்காக அவரைப் புகழ்வோம். ஆனால் ஏரியை விட்டகன்ற தேரை மற்றொரு தேரையை எழுப்பிவிட்டுச் சென்றதாக எவரும் கூறவில்லை. அயலான் கதவைத் தட்டும் கை மனிதனுக்கே அளிக்கப்பட்டது.

அன்பார்ந்த குடும்பத்தினரே, புயலோ வெள்ளமோ வருகிறது என்று அறிவிப்பு வரும் நாளில் நம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்படுவோம். புறப்படுமுன், தனித்திருக்கும் அண்டை வீட்டு மூதாட்டியின் கதவையும் தட்டுவோம். புயல் திசைமாறிப் போய், ஊரார் நம்மைப் பார்த்து நகைத்தால் நகைக்கட்டும்.