உண்ணிச்செடியும் தூர் அறிந்த கைகளும்

உண்ணிச்செடியை ஒழிப்பதில் முதல் பாடம், அதை எங்கே வெட்டுவது என்பதுதான். தண்டைத் தரைமட்டத்தில் அறுத்துப் போட்டால் இடம் வெளிச்சமாகிவிடும்; வேலை முடிந்தது போலவும் தோன்றும். அடுத்த மழைக்கு அதே தூரிலிருந்து பல குருத்துகள் கிளம்பிப் புதர் முன்னைவிட அடர்ந்து நிற்கும். தீ வைத்தாலும் அப்படித்தான். தண்டும் ஆணிவேரும் கூடுகிற கழுத்துப் பகுதியில்தான் இச்செடியின் உயிர் இருக்கிறது. மண்ணுக்குச் சற்றுக் கீழே, அந்தக் கழுத்துக்கும் அடியில் ஆணிவேரைத் துண்டித்தால் செடி மறுபடி துளிர்ப்பதில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபுவும் உடன் ஆய்வாளர்களும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்துபார்த்து 2009இல் வெளியிட்ட முறை இது.

தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த இச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குப் பூச்செடியாக வந்தது. இன்று இந்தியக் காடுகளில் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரவியிருப்பதாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இதன் அடியில் புல் முளைப்பது அரிது. இலையைத் தின்ற மாட்டுக்குக் கல்லீரல் கெடும். வெயில் பட்டால் தோல் புண்ணாகும். மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் போகிறது. கோடையில் காய்ந்த புதர் வழியாகத் தரைத்தீ மரக்கிளைக்கு ஏறுகிறது.

பயிற்சி, கருவியைக் கையில் கொடுப்பதற்கு முன், கண்ணிலும் மூக்கிலும் தொடங்க வேண்டும். நாற்கோணத் தண்டு, அதில் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள், சொரசொரப்பான இலை, கசக்கினால் எழும் காரமான நெடி என்ற இத்தனையும் பழகினால்தான் விரல் நீளக் கன்றை, பக்கத்தில் முளைத்திருக்கும் காட்டு மரத்தின் கன்றிலிருந்து பிரித்தறிய முடியும். இது தெரியாத கை, காப்பாற்ற வேண்டியதையும் சேர்த்துப் பிடுங்கிவிடும்.

பிறகுதான் கொத்து. முள்கிளைகளை ஒதுக்கித் தூரைக் கண்டுபிடித்து, மண்ணுக்குள் சாய்வாக நாலைந்து போடு போட்டு வேரை அறுக்க வேண்டும். அறுத்த புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து, வேர் மேலே இருக்கும்படி விட வேண்டும். நிமிர்ந்து கிடந்தால் ஈர மண்ணில் மீண்டும் வேர் பிடிக்கும். காய்த்த புதரை இழுத்துச் சென்றால் வழியெல்லாம் விதை உதிரும். ஆகவே காய் பழுக்கும் முன்பே வேலையை முடிப்பது நல்லது. மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது உழைப்பும் குறைவு.

பல திட்டங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. ஏக்கர் கணக்கில் கூலி பேசி, தரை வெறுமையானதும் கணக்கை முடித்துவிடுகிறார்கள். உண்மையில் பாதி வேலை அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. சின்னான் குருவிகள் உண்ணிப் பழத்தைத் தின்று மரக்கிளையில் அமர்ந்து எச்சமிடுகின்றன. மழை வந்ததும் அந்த மரத்தடிகளில்தான் கன்றுகள் கூட்டமாக முளைக்கும். எந்த மரம், எந்த ஓடைக்கரை என்று அறிந்து ஆண்டுதோறும் போய்க் களை பறிப்பவர், அந்தக் காட்டிலேயே வாழ்பவராக இருந்தால்தான் இது நடக்கும். வெறும் தரையை அப்படியே விடாமல் உள்ளூர்ப் புல்லையும் பயறு இனச் செடிகளையும் வளர்க்க வேண்டும். அவற்றின் விதை எந்த மாதத்தில் எங்கே கிடைக்கும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள், கோடையின் தொடக்கத்தில் தாங்கள் வைத்துவந்த மெல்லிய சருகுத்தீ தடைபட்ட பிறகே உண்ணி பெருகியது என்கிறார்கள். மேலாண்மைத் திட்டம் எழுதும் மேசையில் இந்த அனுபவத்துக்கும் இடம் வேண்டும்.

ஒரு செடிக்குச் சொன்ன பாடம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவியுள்ள மஞ்சள் கொன்றையை வெட்டினால் அடிக்கட்டை தழைக்கும். ஆகவே மார்பளவு உயரத்திலிருந்து தரை வரை பட்டையை உரித்து, மரத்தை நின்றபடியே காயவிடும் முறை பரிந்துரைக்கப்படுகிறது. கன்றானால் வேரோடு பிடுங்க வேண்டும். தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென 2022இல் ஒரு கொள்கையே வெளியிட்டது. காட்டில் அதைச் செயலாக்குவது இத்தகைய செடிவாரி அறிவுதான்.

அகற்றிய உண்ணித் தண்டுக்குக் கைத்தொழிலில் இடமுண்டு. கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில் ஏட்ரீ ஆய்வு நிறுவனம், சோளகர் உள்ளிட்டோருக்கு உண்ணித் தண்டில் நாற்காலி, கூடை செய்யப் பயிற்சி அளித்தது. தண்டைப் பெரிய தொட்டியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் பட்டையை உரித்து வளைக்கிறார்கள், ஆறினால் விறைத்துவிடும். மூங்கில், பிரம்பு வேலையில் ஏற்கெனவே தேர்ந்த விரல்களுக்கு இது விரைவில் பிடிபடுகிறது. கூடலூர்ப் பகுதியில் பெட்ட குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் கைவினைஞர்கள் கம்பிக்கூட்டின்மேல் இதே தண்டைப் பொருத்தி முழு அளவு யானைகளைச் செய்கிறார்கள். அங்கு நடமாடும் உண்மையான யானைகளே அவற்றுக்கு மாதிரி. ஒவ்வொன்றின் காதும் முதுகும் எப்படியிருக்கும் என்பது செய்பவருக்கு நேரில் தெரியும். 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்ற அந்த யானைக் கூட்டம், 2024இல் 100 யானைகளாக அமெரிக்காவில் பயணம் தொடங்கியது.

இந்தத் தொழில் தரும் வருமானமும் மதிப்பும் பெரியவை. ஆனால் இதனால் மட்டும் காடு துப்புரவாகிவிடாது. நாற்காலிக்கும் யானைக்கும் முற்றிய, நேரான தண்டுதான் தேவை. தண்டை மட்டும் அறுத்தெடுத்தால் தூர் மண்ணிலேயே தங்கிவிடும். ஆகவே தண்டு எடுப்பவருக்கே வேரறுக்கவும் கற்றுத்தந்து, அதற்கான கூலியையும் சேர்த்துத் தர வேண்டும். எதற்கும் உதவாத சிறு கன்றுகளைப் பறிக்கும் பின்னாண்டுகளின் கூலியைப் பொருள் விற்பனையில் எதிர்பார்க்க முடியாது. வனத்துறையின் திட்டச் செலவில் தொடக்கத்திலேயே அது தனியாக ஒதுக்கப்பட வேண்டும்.