பாயிண்ட் எண்ணாதவர்

மே மாதத்தில் உச்சிப்புளிப் பக்கம் மின்னொளி கபடி நடந்தால், ஆட்டம் சூடு பிடிக்க நள்ளிரவாகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகில் போகும் பையன்கள் ஊரில் இருப்பது அப்போதுதான். ஆள் பார்க்க வருகிறவர்களும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

நான் கூடப் போனவர் ஒரு காலத்தில் ரயில்வேக்கு ஆடிய கார்னர் தடுப்பாட்டக்காரர். இப்போது புரோ கபடி அணிகளுக்குப் பையன்களைப் பார்த்துச் சொல்கிறார். விழாக் குழு மேடையில் நாற்காலி போட்டும் ஏறவில்லை. கடைசிக் கோட்டுக்குப் பின்னால் மண்ணில் உட்கார்ந்துகொண்டார். ரைடரைத் தடுப்பவன் கண்ணில் பார்க்க வேண்டுமாம்.

ஒரு பையன் ஒரே ரைடில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு ஓடினான். கூட்டம் விசிலடித்தது. இவர் உதட்டைப் பிதுக்கினார். “முதுகு காட்டித் திரும்புறான் பாருங்க. இங்க தப்பிச்சிருவான். அங்க கார்னர்ல நிக்கிறவன் கணுக்காலை விடமாட்டான்.” அவர் எதிர்பார்ப்பது, தொட்டபின் எதிராளியைப் பார்த்தபடியே பின்வாங்கும் காலை. முப்பது விநாடியில் கடைசி ஐந்து விநாடிக்கு மூச்சு மிச்சம் வைத்திருக்கிறானா என்பது அடுத்தது. பிடிபட்டு வெளியே உட்கார்ந்தவன் ஆட்டத்தைப் பார்க்கிறானா, செல்போனைப் பார்க்கிறானா என்பதையும் விடுவதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களில் இதெல்லாம் இருக்காது. பாயிண்ட் எடுத்த ரைடை மட்டும்தானே வெட்டி அனுப்புவார்கள்.

எனக்கு அமெரிக்கக் கால்பந்து நினைவுக்கு வந்தது. அங்கே பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் கல்லூரி குவாட்டர்பேக்குகளை ஓடவிட்டு, எறியவிட்டு, அளந்து பார்த்துத்தான் தேர்வு செய்கிறார்கள். அவ்வளவு அளந்தும், 2000ஆம் ஆண்டில் டாம் பிரேடியை 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். பிற்பாடு அவர் ஏழு சூப்பர் பவுல் பட்டம் வென்றார்.

நம்மூர்க் கதையும் அதற்குக் குறைந்ததில்லை. 2017இல் புரோ கபடிக்குள் வந்த தமிழ் தலைவாஸ், 2022 ஏலத்தில் பவன் ஷெராவத்துக்கு 2 கோடியே 26 லட்சம் கொடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடி. சீசன் முழுக்க அவர் இல்லை. அணியை முதல் முறையாக அரையிறுதிவரை தூக்கிப்போனவர்களில் முக்கியமானவர், அறிமுக சீசன் ஆடிய நரேந்தர். பெரிய ஏலத்தைவிட இந்தப் பின்கோட்டு உட்காரலுக்குத்தான் மதிப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் டிவியில் காட்டுவது ஏலத்தைத்தான்.

அன்றிரவு முதல் அரையிறுதியில் தோற்ற அணியில் ஒல்லியான ஒருவனை அவர் கூப்பிட்டார். நான் கவனிக்கவே இல்லாத பையன்.

“தம்பி, ஷூ போட்டு மேட்ல ஆடியிருக்கியா?”

“இல்லண்ணே. மண்ணுலதான்.”

அதுதான் பெரிய சிக்கல். மண்ணில் கால் வழுக்கிக் கொடுக்கும். மேட் விரிப்பில் ஷூ பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும். இங்கே பிரமாதமாகத் திரும்புகிறவன் அங்கே முதல் வாரமே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். ஒரு மாதமாவது மேட் விரிப்பில் பழக்காமல் யார் பெயரையும் அவர் மேலே அனுப்புவதில்லை.

பையனின் அப்பா பக்கத்தில் வந்து நின்றார். ஏலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இதுல ஆடுனா ரயில்வேல, போலீஸ்ல எடுப்பாங்களா சார்?”

“நல்லா ஆடுனா வாய்ப்பு இருக்குங்க. நான் உறுதி சொல்ல முடியாது.”

“அப்ப ஜூன் 14க்குள்ள கூட்டிட்டுப் போங்க. அப்புறம் போட்டுக்கு ஆள் வேணும்.”

தேதியைக் குறித்துக்கொண்டு, அடுத்த அரையிறுதிக்கு எதிர்ப்பக்கக் கோட்டுக்கு இடம் மாறினார்.