பொதுநிறத்துக்கு ஒரு போத்தல்

சிறிய உருவங்களுக்கு வர்ணம் தீட்டும் பொழுதுபோக்கில் இறங்குவோர் முதலில் கேட்பது, எந்த நிறுவனத்தின் அக்கிரிலிக் வர்ணம் சிறந்தது என்பதைத்தான். எவ்வளவு விரைவில் உலர்கிறது, எத்தனை பூச்சில் அடித்தளத்தை மறைக்கிறது, தூரிகையின் தடம் தெரிகிறதா என்றெல்லாம் ஒப்பிட்டு விடை கூறுவார்கள். நான் ஒப்பிடுவது வேறொன்றை. எங்கள் தோலின் நிறம் எந்தப் போத்தலில் இருக்கிறது?

ஓய்வுபெற்ற பின்னர் நான் அமைத்துவரும் மாதிரி, எண்பதுகளின் தொடக்கத்தில் இருந்த யாழ்ப்பாணப் புகையிரத நிலைய மேடை. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டது. 2014இல் மீண்டும் வந்தது. வண்டி வந்தது, அந்த மேடையில் நின்றிருந்தவர்களிற் பலர் வரவில்லை. அவர்களை 87இல் ஒரு பங்கு அளவில் மீண்டும் நிறுத்திப் பார்க்கும் ஆசைதான் இந்த வேலை. இந்த அளவில் ஒரு மனிதர் ஏறக்குறைய 20 மில்லிமீற்றர் உயரம். ஜேர்மனியின் பிறைசர் நிறுவனம் வர்ணம் பூசாத உருவங்களை விற்கிறது. பெரும்பாலும் கோட்டும் தொப்பியும் அணிந்த ஐரோப்பியப் பயணிகள். தொப்பியை அலகால் செதுக்கி நீக்கி, பசைக்களிமண்ணால் வேட்டியும் சேலையும் சுற்றிவிடலாம். முகம் கடுகளவுதான். மூக்கும் விழியும் தெரியாத அந்தக் கடுகில் ஆள் இன்னார் என்று சொல்ல நிறம் ஒன்றுதான் மிஞ்சுகிறது.

ஜப்பானின் தமியாவில் எக்ஸ்எஃப்-15, பிரித்தானியாவின் ஹம்பிறோலில் 61ஆம் இலக்கம். இரண்டின் பெயரும் 'ஃபிளெஷ்', அதாவது தசை நிறம். இரண்டும் வெளிறிய இளஞ்சிவப்பு. ஸ்பெய்னின் வயேஹோவில் 'டார்க் ஃபிளெஷ்' என்று நீண்ட காலம் விற்கப்பட்ட நிறம், பெயருக்கு மாறாக, மஞ்சள் கலந்த வெளிர்பழுப்பு. யாருடைய தோலோடு ஒப்பிட்டு அதைக் கருமை என்றார்களோ! அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் தன் வர்ணக்குச்சியின் 'ஃபிளெஷ்' என்ற பெயரை 1962இலேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. மாதிரி வர்ணக்காரர்களுக்கு அந்தச் செய்தி மெதுவாகவே போய்ச் சேர்ந்தது.

விதிவிலக்கு உண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ரீப்பர் நிறுவனம் நிழல், நடு, ஒளி என மும்மூன்று போத்தல்களாக நிறங்களை வகுத்தபோது, கருந்தோலுக்கும் ஒரு முக்கூட்டுச் செய்தது. கேம்ஸ் வேர்க்‌ஷொப்பின் சிற்றடெல் வரிசையில் 2019இல் வந்த கொன்ட்ராஸ்ட் வர்ணங்கள் வெளிர் அடித்தளத்தின் மேல் ஒரே பூச்சில் மேட்டையும் பள்ளத்தையும் பிரித்துக்காட்டுவன. பெரிய உருவங்களில் அழகாகத்தான் இருக்கும். கடுகளவு முகத்தில் பள்ளம் எங்கே இருக்கிறது, வர்ணம் தேங்குவதற்கு?

அச்சுக்கூடத்தில் வாழ்ந்தவனுக்கு இது பழைய கதை. துத்தநாகப் புளொக் செய்து படம் அச்சிட்ட நாட்களில், மலிவான பத்திரிகைத் தாளில் எங்கள் முகங்கள் மைப்பொட்டாகிவிடும். படத்தைத் திருத்துபவர் நுண்தூரிகையால் கன்னத்தில் வெள்ளை தொட்டு வைப்பார். அதே பத்திரிகையின் மணமகள் தேவை விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று நான்கு வரிக்கு ஒரு தடவை வரும். வெளுப்பது எங்களுக்கும் பழக்கமாகவே இருந்தது. வெளிநாட்டு வர்ணக்காரனை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது.

ஆகவே கலப்பதுதான் வழி. கலப்பதற்கு நான் தேர்ந்தது வயேஹோ. அதன் துளிப்போத்தலில் துளியை எண்ணலாம். ஒரு கலவையை அடுத்த வாரமும் அப்படியே செய்யலாம். சிற்றடெலின் மூடிச்சாடியிலிருந்து தூரிகையாலோ கரண்டியாலோதான் எடுக்கவேண்டும், எண்ண முடியாது. தமியாவின் அக்கிரிலிக்கில் அற்ககோல் இருப்பதால் காற்றுத்தூரிகையில் ஒப்பற்றது. கைத்தூரிகையாலோ இரண்டாம் பூச்சு முதற் பூச்சைக் கரைத்துக் கிளப்பிவிடும். மேடையின் சுவருக்கும் தண்டவாளத்துக்கும் தமியா, மனிதர்களுக்கு வயேஹோ என்று பங்கிட்டுக்கொண்டேன்.

எங்களூரில் பொதுநிறம் என்போமே, அதற்கு 'பீஜ் பிறவுண்' மூன்று துளி, 'ஃபிளாற் பிறவுண்' ஒரு துளி. கறுவல் என்று செல்லமாக அழைக்கப்பட்டவர்களுக்கு இந்த விகிதத்தைத் தலைகீழாக்கி, கருநீலம் ஊசிமுனையளவு. நிழலில் நீலம் இருந்தால்தான் கருந்தோல் உயிரோடிருக்கும். வெறும் கறுப்புக் கலந்தால் புகைபிடித்த சுவர்தான். ஒளிபடும் நெற்றிக்கும் கன்னத்துக்கும் வெள்ளை சேர்க்கவே கூடாது; தோல் சாம்பல் பூத்துவிடும். செம்மஞ்சட் பழுப்பைச் சேர்க்கவேண்டும். இன்னொன்றும் உண்டு. மாதிரி வர்ணங்கள் பெரும்பாலும் பளபளப்பற்றவை. கருந்தோலோ ஒளியைக் கூராகத் திருப்பி அனுப்புவது. யாழ்ப்பாணத்து வெயிலில் வியர்த்த நெற்றி அப்படித்தான் மின்னும். எனவே தோலுக்கு மட்டும் அரைப்பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. இதைச் செய்தபோதுதான் பொம்மை ஆளாயிற்று.

கொழும்பு வெப்பத்தில் இந்த வர்ணங்கள் தட்டில் ஐந்து நிமிடமும் நில்லா. மூடியுள்ள பெட்டியில் நனைத்த பஞ்சுத்தாள், அதன் மேல் பேக்கிங் பேப்பர், அதன் மேல் வர்ணம். இப்படி வைத்தால் கலவை மறுநாள் வரை இருக்கும். இரண்டு நாளுக்கொரு தடவை நீரை மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்து நாறும்.

இதுவரை முப்பத்திரண்டு பேர் மேடைக்கு வந்துவிட்டனர். கடலை விற்பவர், தலையில் பெட்டி வைத்த சுமையாள், பனையோலைப் பையோடு நிற்கும் ஆச்சி, கொழும்புக்கு வேலைக்குத் திரும்பும் எழுதுவினைஞர்கள். எங்கள் அம்மாவையும் ஓர் ஓரத்தில் நிறுத்தியிருக்கிறேன்; அவருக்கு மட்டும் கலவையை நான்கு தடவை மாற்றினேன். தம்பியிடம் படம் அனுப்பிக் கேட்டேன். "இன்னும் கொஞ்சம் கறுப்பு, அண்ணா" என்றான். ஒரு துளி சேர்த்திருக்கிறேன். இனி வேட்டிகளுக்கு வெள்ளை தீட்டவேண்டும்.