காபிச் செடியின் காலடியில்... ஏற்காட்டு மண்ணுக்குள் ஒரு பயணம்!

மங்களூர் என்றதும் கடற்கரையும் மீன் குழம்பும் நினைவுக்கு வந்தால், அது கர்நாடகத்து மங்களூர். குடகு, சிக்மகளூர் காபிக் கொட்டைகள் ஒரு காலத்தில் மூட்டை மூட்டையாகக் கப்பலேறிய ஊர். இது வேறு மங்களூர். கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், விருத்தாசலத்துக்கு அப்பால், ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கே பெயர் கொடுத்திருக்கும் மானாவாரி ஊர். மக்காச்சோளமும் பருத்தியும்தான் இங்கே பிழைப்பு. காபி என்பது டீக்கடையில் கேட்டால் கிடைப்பது, அவ்வளவுதான்.

ஆனால், இந்த ஊர்ப் பையன்களுக்கு மண்புழு நன்றாகத் தெரியும். ஐப்பசி மழை இரண்டு நாள் பிடித்தால் போதும். வரப்போரம், புங்க மரத்தடி, மாட்டுத் தொழுவத்தின் பின்பக்கம் என்று கொட்டாங்கச்சியோடு தோண்டக் கிளம்பிவிடுவார்கள். தூண்டிலுக்குப் புழு வேண்டுமே! வயலின் நடுவில் தோண்டினால் கிடைக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும். களைக்கொல்லி அடித்து, வெயிலுக்குத் திறந்துபோட்ட மக்காச்சோளக் காட்டில் புழுவுக்கு என்ன வேலை?

பெரியவர்கள் நாங்கூழ் என்று சொல்லும் இந்தப் புழுக்களில், தமிழகச் சமவெளியில் அதிகம் தட்டுப்படுவதற்கு அறிவியல் பெயர் ‘லாம்பிட்டோ மாரிட்டி’. மாரிட்டி என்றால் மொரீஷியஸ். நம்மூர்ப் புழுதான். ஆனால், 1860-களில் ஸ்வீடன் நாட்டு விலங்கியலாளர் கின்பெர்க் கையில் அது அகப்பட்டது மொரீஷியஸ் தீவில் என்பதால், அந்தத் தீவின் பெயரே ஒட்டிக்கொண்டது. எப்படிக் கடல் கடந்ததோ! செடிகளின் வேரோடு ஒட்டிய மண்ணில் போயிருக்க வேண்டும்.

விருத்தாசலத்தில் ரயில் ஏறினால் சேலம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். ஊரை விட்டுக் கிளம்பும்போது பீங்கான் தொழிற்பேட்டையை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். பொம்மைக்கும் பீங்கான் சாமானுக்கும் களிமண்ணைப் பிசையும்போது, அதிலுள்ள காற்றையெல்லாம் வெளியேற்றிவிட வேண்டும். குமிழி தங்கினால் சூளையில் பழுதாகலாம். மண்புழு செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. களிமண்ணுக்குள் ஓட்டை போட்டு, காற்றையும் தண்ணீரையும் உள்ளே விடுவது அதன் தொழில். பீங்கான்காரருக்கு வேண்டாத மண்தான் விவசாயிக்கு வேண்டிய மண்.

சின்னசேலம் தாண்டினால் வலப்பக்கம் கல்வராயன் மலை. ஆத்தூர், வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம், சேலம். அங்கிருந்து பேருந்தில் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு.

கலெக்டர் நட்ட செடி

சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820-களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் என்பவரைத்தான் அதற்குக் காரணமாகச் சொல்வார்கள். 200 ஆண்டுகளாக இந்த மலையின் சரிவெல்லாம் காபி மயம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால், இங்கே நன்றாக விளைவது அராபிகா.

சுற்றுலா வருபவர்கள் ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். லூப் ரோட்டில் ஒரு சுற்று போனால்தான் தோட்டங்கள் முகம் காட்டும். மேலே சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை. அவற்றின் மேல் மிளகுக் கொடி. இடுப்பளவு, தோளளவில் காபிச் செடி. அதற்கும் கீழே, யாரும் படம் எடுக்காத இலைச் சருகு. அந்தச் சருகுக்கு அடியில் இருப்பவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இங்கத்து மண்புழுக்களைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் கிப்ஸ் பார்ன். சென்னை மாநிலக் கல்லூரியின் உயிரியல் பேராசிரியர். நீலகிரி, சேர்வராயன் மலைகளின் மண்புழுக்கள் குறித்த அவருடைய முன்னோட்டக் கட்டுரை, 1886-ல் லண்டன் விலங்கியல் கழகத்தின் இதழில் வெளியானது. பின்னாளில், 1915 முதல் 1921 வரை, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவரும் இவரேதான். அவர் மலையைத் தோண்டிப் பார்த்தபோது காபி வந்து 60 வருடம் ஆகியிருந்தது. அதாவது, காட்டுப் புழுவும் தோட்டத்துப் புழுவும் அப்போதே கலக்கத் தொடங்கியிருக்கும்.

தென்னிந்திய மலைகளில் ஒரு புழுப் பேரினத்துக்கே ‘திராவிடா’ என்று பெயர். 1900-ல் அதைச் சூட்டியவர் மைக்கேல்சன் என்ற ஜெர்மானியர். அரசியல் மேடைகளில் முழங்கும் அந்தச் சொல் மண்ணுக்குள்ளும் புழங்கியிருக்கிறது!

ஒரு சாண் குழிக்குள்

புழுக்களை எப்படி எண்ணுவது? ஆய்வாளர்கள் கையாளும் வழி எளிமையானது. 25 சென்டிமீட்டர் நீள, அகலத்தில் ஒரு சதுரம். 30 சென்டிமீட்டர் ஆழம். வெட்டிய மண்ணை ஒரு சாக்கில் கொட்டி, விரலால் உடைத்து உடைத்துத் தேடுவது. மழைக்காலத்தில், காலை வேளையில் செய்தால்தான் கணக்கு சரியாக வரும். ஆழத்துக்கு ஓடிவிடும் பெரிய புழுக்களுக்குக் கடுகுத்தூள் கரைத்த தண்ணீரை ஊற்றுவார்கள். எரிச்சல் தாங்காமல் மேலே வந்துவிடும். (பிறகு நல்ல தண்ணீரில் கழுவி விட்டுவிட வேண்டும், பாவம்.)

இப்படித் தோண்டினால் நிழலும் சருகும் உள்ள தோட்டத்துக்கும், வெயில் விழ மரத்தைக் கழித்து, யூரியாவும் களைக்கொல்லியும் போட்ட தோட்டத்துக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. முதலாவதில் மண் புட்டு மாதிரி உதிரும். இரண்டாவதில் கட்டி கட்டியாகப் பெயரும். ரசாயன உரத்தில் உப்பு சேர்ந்து உடனே புழு செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது அதைவிட நிதானமானது. அமோனியா வகைத் தழைச்சத்து உரங்கள் வருடக்கணக்கில் மண்ணைப் புளிக்கவைக்கின்றன. ஏற்கெனவே புளிப்பான மலை மண் இன்னும் புளித்தால் புழு தங்காது. களைக்கொல்லியால் தரை மொட்டையாகி, தின்ன இலை இல்லாமல் போவது இன்னொரு காரணம். உரம் போட்டாலும் சுண்ணாம்பு இட்டு, சருகைக் கூட்டாமல், நிழலைக் காப்பாற்றும் தோட்டங்களில் புழு இருக்கவே செய்கிறது.

அப்படியானால் இயற்கை விவசாயத் தோட்டம் என்றால் எல்லாம் சரியா? இங்கேதான் கதை சிக்கலாகிறது.

மண்புழுக்களில் மூன்று மாடிக்காரர்கள் உண்டு. சருகுக்குள்ளேயே வாழ்ந்து இலையை அரைப்பவர்கள் மேல் மாடி. வேர்மட்டத்தில் மண்ணைத் தின்று கிடைமட்டமாக ஊர்பவர்கள் நடு மாடி. செங்குத்தாக ஆழத்துக்கு வளை போட்டு, ராத்திரியில் மேலே வந்து இலையை இழுத்துப்போகிறவர்கள் கீழ் மாடி. மூன்று மாடியிலும் ஆள் இருந்தால்தான் இலை மக்கும், மண் கலக்கும், மழை உள்ளே இறங்கும். ஒரு குழியில் 20 புழு இருந்து இருபதும் ஒரே இனமாக இருந்தால், அதைப் பெருமையாகச் சொல்ல முடியாது.

உலகம் முழுக்க வெப்பநாட்டுத் தோட்டங்களில் அப்படிப் பெருகியிருப்பது ‘பான்டோஸ்கோலெக்ஸ் கோரெத்ரூரஸ்’ என்ற தென் அமெரிக்கப் புழு. இரண்டாவது சொல்லுக்கு ‘துடைப்ப வால்’ என்று அர்த்தம். வால்பக்கத்து மயிர்முட்கள் வரிசை இல்லாமல் துருத்திக்கொண்டிருக்கும். 1857-ல் பிரேசிலில் வைத்து இதை விவரித்தவர் ஃபிரிட்ஸ் முல்லர். துணை இல்லாமலே இனம் பெருக்கும். எனவே, செடியின் வேர்மண்ணில் ஒரே ஒரு புழு வந்து இறங்கினாலும் ஒரு வம்சமே கிளம்பிவிடும். தென்னிந்தியாவின் காபி, தேயிலை, ரப்பர் தோட்டங்களிலும் இது குடியேறிப் பல காலம் ஆகிறது.

இது எதிரி என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. வெறும் தரிசாகிப்போன மண்ணில் முதலில் வேலைக்கு வருவது இதுதான். ஆனால், பிரேசிலின் மனாஸ் நகருக்கு அருகே காட்டை அழித்துப் புல்வெளி ஆக்கிய இடத்தில் என்ன நடந்தது என்பதை 1999-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதியிருந்தார்கள். காட்டுப் புழுக்கள் எல்லாம் காணாமல்போக, துடைப்ப வால் மட்டும் பெருகியது. அதன் ஈர எச்சம் சேறாகப் பரவி, காய்ந்து, மேல்மண் சிமென்ட் பூசியதுபோல் இறுகியது. அந்தக் கட்டியை உடைத்து உதிர்க்கும் மற்ற புழுக்கள் அங்கே இல்லை. புழு நிறைய, மண்ணோ பாழ்!

மயில்துத்தத்தின் கணக்கு

இயற்கைத் தோட்டக்காரர்களைச் சங்கடப்படுத்தும் விஷயம் இன்னொன்று இருக்கிறது. காபியின் பரம விரோதி இலைத்துரு நோய். 1869-ல் இலங்கையில் தலைகாட்டி, சில பத்தாண்டுகளில் அந்தத் தீவின் காபியையே துடைத்தெடுத்த பூஞ்சாணம் இது. அங்கே காபித் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன தமிழர்கள், பிறகு தேயிலைக்கு மாறியது இதனால்தான். இதற்கான மருந்து போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிப்பது. ஃபிரான்ஸின் திராட்சைத் தோட்டத்தில், 1880-களில் பிறந்த மருந்து.

அங்ககச் சான்று பெற்ற தோட்டத்திலும் கட்டுப்பாட்டோடு இதற்கு அனுமதி உண்டு. ஆனால், மயில்துத்தத்தில் இருப்பது தாமிரம். அது மக்காது, ஆவியாகாது. இலையில் அடித்தது மழையில் கழுவி, மேல்மண்ணிலேயே வருடா வருடம் சேரும். மண்புழுவுக்குத் தாமிரம் ஆகவே ஆகாது. ஐரோப்பாவில் பல ஆண்டுகள் தாமிரம் அடித்த பழத் தோட்டங்களில், புல்லும் இலையும் மக்காமல் பாய்போலக் கிடந்ததைக் கண்டிருக்கிறார்கள். காரணம், தின்னப் புழு இல்லை.

அதனால், சான்றிதழைப் பார்த்து மட்டும் புழுவின் சேமத்தைச் சொல்ல முடியாது. தாமிரம் அதிகம் அடிக்கும் இயற்கைத் தோட்டத்தைவிட, கொஞ்சம் உரம் போட்டாலும் அடர்ந்த நிழல் வைத்திருக்கும் தோட்டத்தில் புழு வகைகள் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. துரு தாங்கும் ரகங்களை நட்டு, தெளிப்பைக் குறைத்து, பல ஜாதி நிழல் மரமும் வைத்திருந்தால் அதற்கு ஈடே இல்லை. சில்வர் ஓக் மட்டும் வைத்தால் சீக்கிரம் காசாகும் என்பது வாஸ்தவம். ஆனால், அதன் தடித்த இலை மெல்லத்தான் மக்கும். பலா இலையும் கல்யாண முருங்கை இலையும் கலந்து விழும் தரையில்தான் மேல் மாடிக்காரர்களுக்குப் பலவகைச் சாப்பாடு.

இன்னொரு சாப்பாடு, காபிப் பழத்தின் தோல். பழத்தின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு அதுதான். ஓடையில் கொட்டினால் தண்ணீர் கெட்டு நாறும். பச்சையாகக் குவித்தால் சூடும் புளிப்பும் புழுவைக் கொல்லும். சாணத்தோடு சேர்த்து ஆறவைத்து, பாதி மக்கியபின் போட்டால் புழுக்களுக்கு விருந்து. இந்த வேலைக்கு, பெருத்து வேகமாகத் தின்னும் ஆப்பிரிக்கப் புழுவைத்தான் பல இடங்களில் வாங்கி விடுகிறார்கள். தொட்டிக்குள் அது பிரமாதம். தோட்டத்தில் விட்டால், சரிவு மண்ணை உழுது கொடுக்காது. உள்ளூர்ப் புழுக்களையே தொட்டியிலும் வளர்க்கலாம் என்று, சென்னை நியூ காலேஜில் பணியாற்றிய சுல்தான் அகமது இஸ்மாயில் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். மேல் மாடிக்குப் ‘பெரியோனிக்ஸ்’, அடுத்த மாடிக்கு லாம்பிட்டோ என்பது அவர் கையாண்ட ஜோடி.

மலைத் தோட்டத்தில் புழுவைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், 1990-களில் ஒரு முயற்சி நடந்தது. சம்பல்பூர் பல்கலைக்கழகத்தின் சேனாபதியும் ஃபிரான்ஸின் லாவெல்லும் சேர்ந்து செய்தது. செடி வரிசைகளுக்கு இடையே பள்ளம் வெட்டி, கவாத்துக் கழிவையும் மக்கையும் போட்டு மண்புழுக்களை விட்டார்கள். ரசாயன உரம் மட்டும் கண்ட பாத்திகளை விஞ்சி விளைச்சல் கூடியது. ஆனால், பள்ளம் வெட்டக் கூலி, மக்கு சேர்க்க ஆள், புழு வளர்க்க இடம். சிறிய காபி விவசாயிக்கு அது லேசான கணக்கல்ல.

மலை மண், ஏரித் தண்ணீர்

காபி விளையும் மலையில் எந்தப் புழு இருந்தால் மங்களூர்க்காரருக்கு என்ன?

வரைபடத்தை விரித்தால் விடை தெரியும். ஆத்தூர்ப் பக்கத்து மலைகளில் பிறப்பது வசிஷ்ட நதி. கொல்லிமலை, பச்சைமலைப் பக்கமிருந்து வருவது சுவேத நதி. கொல்லிமலையிலும் வீட்டுக்கு வீடு மிளகோடு காபி உண்டு. இரண்டும் கூடி வெள்ளாறாகி, தொழுதூர் அணைக்கட்டில் திரும்பி, கால்வாய் வழியாக வெலிங்டன் ஏரிக்கு வந்து சேர்கிறது. மங்களூர்ப் பக்கத்துப் பையன்கள் தூண்டில் போடும் அதே ஏரி. மலைச்சரிவின் மண்ணில் ஆழ்வளை போடும் புழுக்கள் இருந்தால், மழை உள்ளே இறங்கி, ஊற்றாகக் கசிந்து மெல்ல வரும். மண் இறுகிப்போனால் ஒரே நாளில் செந்நிறத் தண்ணீராக ஓடிவந்து, ஏரியில் வண்டலைக் கொட்டிவிட்டுப் போய்விடும். ஏற்கெனவே வண்டல் மேடிட்டுக் கொள்ளளவு குறைந்த ஏரிதான் அது.

ஏற்காட்டில் பூமழை பெய்வது மார்ச், ஏப்ரலில். மல்லிகை பூத்ததுபோல் தோட்டம் முழுக்க வெள்ளையாகி, மூன்று நாள் மணந்துவிட்டு உதிரும். அந்த வாரம் அங்கே போகிறவர்கள், பூவைப் பார்த்து முடித்ததும் கீழே குனிந்து சருகைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்கலாம். குட்டிக் குட்டி மண் உருண்டைகள் குருணைபோல் குவிந்திருந்தால், ராத்திரி மழைக்கு யாரோ மேலே வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.