பெரிய வீட்டின் சாவி

2025 மே 15 அன்று அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நாட்டோவே என்ற பழைய தோட்ட மாளிகை எரிந்து விழுந்தது. அந்தத் தீயின் வீடியோ எங்கள் வாசிப்பு வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. கீழே வரிசையாகக் கைதட்டல்கள். "ஆண்டை வீடு எரியுது, பாருங்க அக்கா" என்று கல்லூரித் தம்பி ஒருவர் எழுதியிருந்தார். அவர்மேல் கோபம் வரவில்லை. எங்களுக்குமே ஒரு நொடி உள்ளம் குளிர்ந்தது. அதை மறைப்பதற்கில்லை.

1859இல் கட்டி முடித்த வீடு அது. கட்டியவர் ஜான் ராண்டால்ஃப் என்ற கரும்பு முதலாளி. 155 கறுப்பின மக்களைத் தன் சொத்தாக வைத்திருந்தவர். 64 அறைகள். உள்நாட்டுப் போருக்கு முன் கட்டப்பட்டு, தென்மாநிலங்களில் மிஞ்சி நின்ற மாளிகைகளில் இதுதான் மிகப் பெரியது என்பார்கள். எரிந்த நாள்வரை அது சொகுசு விடுதியாகவும் கல்யாணம் நடத்தும் இடமாகவும் இருந்தது. 155 பேரின் வியர்வையில் எழுந்த தூண்களுக்கு முன்னால் மாலையும் கையுமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட தோட்டக் கல்யாணங்களை இனி முன்னிறுத்த மாட்டோம் என்று பின்டரெஸ்ட் 2019இல் அறிவித்தது. கல்யாணங்கள் நிற்கவில்லை.

ஆனாலும் அந்த வீடியோவை எங்களில் மூன்று பேரால் முழுசாகப் பார்க்க முடியவில்லை. அதே மிசிசிப்பி ஆற்றங்கரையில், அதே மாதிரியான இன்னொரு பெரிய வீட்டுக்குள் நாங்கள் நடந்திருக்கிறோம். அந்தக் கதையை இதுவரை எழுதாமல் வைத்திருந்தோம்.

2019இல் ஒரு பயிற்சிக்காக அமெரிக்கா போயிருந்தோம். கடைசியில் கிடைத்த ஒரு நாள் ஓய்வில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய வாலஸ் என்ற சிற்றூருக்குப் புறப்பட்டோம். ஆறு கண்ணில் படாது. உயரமான மண்கரை மறைத்துக்கொள்ளும். இந்தப் பக்கம் கரும்பு, கரும்பு தாண்டினால் ரசாயன ஆலையின் புகைபோக்கி, மறுபடியும் கரும்பு. நடுநடுவே வெள்ளைத் தூண் மாளிகைகளுக்கு வழிகாட்டும் பலகைகள். எங்களோடு வந்த அண்ணன், "நம்ம ஊர் மாதிரியே இருக்கேப்பா" என்றார். கரும்பைச் சொன்னாரா வேறு எதையாவது சொன்னாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

நாங்கள் போன இடம் விட்னி தோட்டம். 1752இல் ஆம்ப்ரோஸ் ஹைடல் என்ற ஜெர்மானியக் குடியேறி வாங்கிய நிலம். முதலில் அவுரி, பிறகு கரும்பு. 1990களில் ஒரு ரசாயன நிறுவனத்தின் கையில் இருந்த இடத்தை, ஜான் கம்மிங்ஸ் என்ற வெள்ளைக்கார வழக்கறிஞர் 1999இல் வாங்கினார். செனகல் நாட்டு வரலாற்றாசிரியர் இப்ராஹிமா செக்கை ஆய்வுக்கு அமர்த்தி, சொந்தப் பணத்தைக் கொட்டி, 2014 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தார். 2019இல் லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்தார். அங்கே கல்யாணத்துக்கு இடம் கொடுப்பதில்லை. சொல்லப்படுவதும் முதலாளி குடும்பத்தின் பெருமை கிடையாது. முழுக்க முழுக்க அடிமைப்படுத்தப்பட்டவர்களின் கதை.

உள்ளே போனதும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள். ஒருபுறம் ஒரு குழந்தைச் சிற்பத்தின் படம். மறுபுறம் சிறுவயதில் அடிமையாக இருந்த ஒருவர் பின்னாளில் சொன்ன சில வரிகள். 1930களில் அமெரிக்க அரசு வேலை கொடுத்து அனுப்பிய எழுத்தாளர்கள், அப்போது உயிரோடிருந்த முன்னாள் அடிமைகளைத் தேடிப் போய்ப் பேச்சைப் பதிந்தார்கள். அந்தப் பதிவுகளிலிருந்து எடுத்தவை. எண்பது தொண்ணூறு வயதுக் கிழவிகளின் நினைவில் மிஞ்சியிருந்தது அவர்களுடைய ஐந்து வயது, ஆறு வயது. அதனால்தான் சிற்பங்கள் குழந்தைகள். விடுதலைக்குப் பிறகு கறுப்பின மக்களே கட்டிக்கொண்ட ஒரு பழைய மரத் தேவாலயத்தை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குள் அந்தக் குழந்தைகள் ஆளுக்கொரு மூலையில் நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். வூட்ரோ நாஷ் என்ற கறுப்பினக் கலைஞர் செய்தவை. சுற்றுலா அங்கேதான் தொடங்கியது.

அடுத்து பெயர்கள். விட்னியில் அடிமைப்பட்டிருந்த 350க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் ஒரு சுவரில். அதைத் தாண்டினால் லூசியானா முழுவதிலுமாக 1,07,000 பெயர்கள் கல்லில். வரலாற்றாசிரியர் க்வெண்டலின் மிட்லோ ஹால் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றக் கட்டுகளைப் புரட்டி எடுத்த பட்டியல் அது. மாணவத் தோழர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். இந்தப் பெயர்களை யார் எழுதி வைத்தது? முதலாளிகள்தான். வாங்கிய பத்திரம், விற்ற பத்திரம், செத்துப்போனபின் பாகப் பிரிவினைக்குப் போட்ட சொத்துக் கணக்கு. ஆளுக்கு எதிரே வயது, என்ன வேலை தெரியும், என்ன விலை. மாட்டையும் கொப்பரையையும் எழுதிய அதே கணக்கில் மனிதர்களையும் எழுதினார்கள். அவர்கள் லாபத்துக்காக வைத்த கணக்கே இன்று அவர்களுக்கு எதிரான சாட்சி. முதுகலை படித்தபோது ஆவணங்களை எதிர்த்திசையில் வாசிப்பது பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வில் எழுதியவர்கள் நாங்கள். அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோதுதான் அது என்னவென்று புரிந்தது.

பெரும்பாலும் ஒற்றைப் பெயர்கள். அப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை. ஒரு மூலையில் 2,200 குழந்தைகளுக்கு ஒரு நினைவிடம். அந்த ஒரே வட்டாரத்தில், 1820கள் தொடங்கி 1860கள் வரை, மூன்று வயது நிறைவதற்குள் செத்துப்போன அடிமைக் குழந்தைகள். லூசியானாவின் கரும்புத் தோட்டங்களில் பிறப்பைவிட இறப்பு அதிகம். அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். கொதிக்கும் சாற்றை ஒரு கொப்பரையிலிருந்து அடுத்த கொப்பரைக்கு அகப்பையால் மாற்ற வேண்டும். தூக்கத்தில் கை தவறினால் வெந்து சாக வேண்டியதுதான். அந்த இரும்புக் கொப்பரைகள் இப்போது புல்வெளியில் கிடக்கின்றன, மழைத் தண்ணீரோடு.

அடிமைக் குடிசைகளைப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. அந்தத் தோட்டத்துக்குச் சொந்தமான குடிசைகளில் பெரும்பாலானவை 1970களில் இடிக்கப்பட்டுவிட்டன. இன்று நிற்பவற்றில் பல வேறொரு தோட்டத்திலிருந்து பெயர்த்து வந்தவை. பெரிய வீடு மட்டும் இருநூறு ஆண்டுகளாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. பாதுகாப்பு என்று நாம் சொல்வது பாதி நேரம் இதுதான். யார் வீட்டில் நல்ல மரமும் செங்கல்லும் இருந்ததோ அது மிஞ்சும். மிஞ்சியதைக் காட்டி, இதுதான் வரலாறு என்பார்கள்.

பெரிய வீட்டை எங்களுக்குக் கடைசியாகத்தான் காட்டினார்கள். அதன் வாசலில் அண்ணன் நின்றுவிட்டார். அவருடைய அப்பாயி பழைய தஞ்சை மாவட்டத்தில் ஒரு மிராசு வீட்டில் பண்ணையாள். "அப்பாயி அந்த வீட்டுக்குக் கொல்லைப்புறமா வந்து சாணி அள்ளிட்டு, கொல்லைப்புறமாவே போயிடும். உள்ள எத்தனை அறை இருந்துச்சுன்னு சாகுறவரைக்கும் அதுக்குத் தெரியாது" என்றார். "நான் எதுக்கு இவன் வீட்டுக்குள்ள போகணும்? நீங்க போயிட்டு வாங்க."

நாங்கள் வற்புறுத்தவில்லை. வீட்டுக்குப் பின்னால் தனியாக நின்ற பழைய சமையற்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அவராகவே எழுந்து வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார். உள்ளே அன்னா என்ற பெண்ணைப் பற்றிச் சொன்னார்கள். சிறுமியாக விலைக்கு வாங்கப்பட்டு, அந்த வீட்டு எசமானியின் ஏவலுக்கு வளர்ந்தவள். எசமானியின் சகோதரன் அவளைக் கெடுத்தான். பிறந்த மகன் விக்டர் ஹேடல். அவருடைய வம்சத்தில் வந்தவர்தான் சிபில் ஹேடல் மோரியல். அவருடைய கணவர் எர்னெஸ்ட் மோரியல் 1978இல் நியூ ஆர்லியன்ஸின் முதல் கறுப்பின மேயராகப் பதவியேற்றார். அண்ணன் அந்த வீட்டின் ஒவ்வோர் அறையையும் எண்ணிக்கொண்டே நடந்தார். எண்ணிக்கையை எங்களிடம் சொல்லவில்லை.

இந்தக் கதையைத்தான் தீ வீடியோ வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சொன்னோம். தம்பி விடவில்லை. "அண்ணல் மனுஸ்மிருதிய எரிச்சாரே அக்கா, அத சரின்னுதான சொல்றோம்?" என்றார். நியாயமான கேள்வி. 1927 டிசம்பர் 25, மகாத். எரித்தார்தான். அதன்பிறகும் அந்த நூலை வரிக்கு வரி எடுத்துவைத்து விவாதித்துக்கொண்டே இருந்தவரும் அவர்தான். எரித்துவிட்டதால் இனி படிக்க வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தையும் அவர் தூரத்திலிருந்து வேடிக்கை பார்க்கவில்லை. ஐ.நா.வுக்கு அவர்கள் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று 1946இல் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். டுபாய்ஸும் பதில் எழுதினார். கேட்டது ஆவணத்தை.

தீயைப் பற்றி எங்களுக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. நம்முடைய வரலாற்றில் எரிந்தவை யாருடைய வீடுகள்? 1968இல் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள். 2012இல் தர்மபுரி நத்தம் காலனி. ஆண்டைகளின் வீடுகள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. நாட்டோவே எரிந்ததில் முதலாளிக்கு என்ன நட்டம்? ராண்டால்ஃப் செத்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. எந்தப் படிக்கட்டில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்று கையால் தொட்டுக் காட்ட ஓர் இடம் இருந்தது. இனி இல்லை.

கூட்டத்தில் ஒரு தங்கை எழுந்து கேட்டதுதான் எங்களைத் திணறடித்தது. "விட்னியையும் ஒரு பணக்கார வெள்ளைக்காரர்தான வாங்கிச் செஞ்சார்? அவருக்கு மனசு வரலைன்னா?"

அவர் சொன்னது சரி. ஒரு பணக்காரரின் மனசாட்சியை நம்பி வரலாற்றை விட்டுவைக்க முடியாது. அரசை நம்பியும் முடியாது. 2025 ஏப்ரலில் விட்னிக்கான அமெரிக்க அரசின் நிதியுதவி திடீரென ரத்தானது. எதிர்ப்பு கிளம்பிச் சில வாரங்களில் திரும்பக் கிடைத்தது, அவ்வளவுதான். அந்தத் தங்கைக்கு நாங்கள் சொன்ன பதில் வேறொரு வீட்டைப் பற்றியது.

வாலஸ் ஊரைச் சேர்ந்த இரட்டைச் சகோதரிகள் ஜோ பேனர், ஜாய் பேனர். அந்த வட்டாரத்தில் அடிமைப்பட்டிருந்தவர்களின் வழிவந்தவர்கள். 'டிசென்டன்ட்ஸ் புராஜெக்ட்' என்று, அதாவது வாரிசுகளின் பெயரிலேயே, ஓர் அமைப்பை நடத்துகிறார்கள். விட்னிக்குப் பக்கத்திலேயே பிரம்மாண்டமான தானியக் கிடங்கும் ஏற்றுமதி முனையமும் கட்ட ஒரு நிறுவனம் வந்தது. தூசு ஊருக்குள் இறங்கும், மூதாதையரின் புதைகுழிகள் அடியில் இருக்கலாம் என்று வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் நின்றார்கள். 2024 ஆகஸ்டில் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் அவர்களின் அமைப்பு லாப்ளேஸ் நகரத்தில் இருக்கும் வுட்லேண்ட் தோட்ட வீட்டை விலைக்கு வாங்கியது.

அது சாதாரண வீடில்லை. 1811 ஜனவரி 8 இரவு சார்ல்ஸ் தெலோந்த் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தது அங்கேதான். அங்கிருந்து நியூ ஆர்லியன்ஸை நோக்கி நடந்தார்கள். வழியிலிருந்த தோட்டங்களிலிருந்து நூற்றுக்கணக்கானோர் சேர்ந்துகொண்டார்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமைக் கிளர்ச்சி அது. சில நாட்களில் ஒடுக்கப்பட்டது. கொல்லப்பட்டவர்களின் தலைகளை வெட்டி ஆற்றங்கரை நெடுகக் கழிகளில் குத்தி வைத்தார்கள். கிளம்பிய இடத்தின் சாவி இன்று அடிமைகளின் வாரிசுகள் கையில். இருநூற்றுப் பதிமூன்று ஆண்டுகள் ஆயிற்று.

தங்கை இதைக் கேட்டுவிட்டு, "அவங்ககிட்ட காசு இருந்துச்சா?" என்றார். சொந்தக் காசில் இல்லை, நிதி திரட்டித்தான் என்றோம். நம்மால் முடியுமா என்ற பேச்சு எழுந்து, வீடு வாங்குவதெல்லாம் இருக்கட்டும், முதலில் பெயர்களாவது நம்மிடம் இருக்கிறதா என்பதில் வந்து நின்றது. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் பண்ணை வேலை பார்த்த மூத்தவர் ஒருவரை உட்காரவைத்து, எந்தப் பண்ணை, கூட யார் யார் வேலை செய்தார்கள், கூலி எத்தனை மரக்கால் என்று கேட்டு எழுதிவர வேண்டும் என்று முடிவானது. அண்ணன் அதுவரை வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது, விட்னி வீட்டின் அறைகளை எண்ணியதைப் பற்றி யாரோ கேட்டார்கள். "எண்ணிக்கை மறந்துபோச்சுப்பா" என்றார்.

கைதட்டல் போட்ட தம்பிதான் முதலில் அனுப்பினார். அவருடைய அம்மாச்சியின் குரலில் நாலு நிமிடம் ஒலிப்பதிவு. பின்னால் கோழி கத்துகிறது, யாரோ தண்ணீர் பிடிக்கிறார்கள். தன்னோடு நாற்று நட்டவர்கள் என்று பதினொரு பெண்களின் பெயர்களைப் பாட்டி சொல்கிறார். பத்துப் பெயர்களை எழுதிவிட்டோம். கடைசிப் பெயர் கோழிச் சத்தத்தில் விழுங்கிவிட்டது. திரும்பக் கேட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.